பவர் வீடர் எஞ்சினுக்கு ஆயில்: எதை வாங்குவது, எப்படி அளவு பார்ப்பது

தக்காளியில் இரண்டாம் களை எடுக்க வேண்டிய வாரத்தில் புதிய பவர் வீடரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். "ஆயில் எல்லாம் ஊத்தியாச்சுங்க, பெட்ரோல் போட்டு ஓட்டலாம்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான்காவது வரிசையைத் தாண்டும்போது எஞ்சினின் சத்தம் மாறியது. இரண்டு முறை உலோகம் தட்டும் ஓசை கேட்டது. பிறகு கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. கடையில் ஊற்றியிருந்தது கியர் பெட்டிக்கான ஆயில் என்பதும், எஞ்சினுக்குள் ஆயில் ஊற்றப்படவே இல்லை என்பதும் பட்டறையில் பிரித்த பிறகுதான் தெரிந்தது. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்திருந்தது, சிலிண்டரில் கோடு விழுந்திருந்தது. பழுது பார்க்க 7,400 ரூபாய் செலவாயிற்று, கருவி 19 நாட்கள் பட்டறையில் கிடந்தது, களைக்கு ஆள் விட்ட கூலி தனி. முதன்முறையாக இப்படிப்பட்ட கருவியை வாங்குகிறவர்களுக்கு இந்த இழப்பு வரக்கூடாது என்பதற்காகவே, அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 160 சிசி அளவுள்ள, காற்றால் குளிரும், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றியது. இதே வகை எஞ்சின்தான் தண்ணீர் இறைக்கும் சிறிய பம்பு செட்டிலும், விசைத் தெளிப்பானிலும், வீட்டு ஜெனரேட்டரிலும் இருக்கிறது என்பதால் அவற்றுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். டீசல் எஞ்சினுக்கு ஆயில் வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று உறுதி செய்யுங்கள்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே டாங்கில் ஊற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் டாங்கில் தனியாகவும், ஆயில் எஞ்சினின் அடிப்பாகத்தில் தனியாகவும் இருக்கும். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் அளவுக் குச்சியோடு கூடிய திருகு மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அப்படி எதுவும் இல்லாமல், பெட்ரோல் மூடியின் மேல் 25:1 அல்லது 50:1 போன்ற விகிதம் அச்சிட்டிருந்தால் அது டூ ஸ்ட்ரோக்.

டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இதுதான்: 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் அளந்து, தனிக் கேனில் பெட்ரோலோடு குலுக்கிக் கலந்த பிறகே டாங்கில் ஊற்றுங்கள். வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். எனவே ஒரு வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

வீட்டில் இரண்டு வகைக் கருவிகளும் இருந்தால் கேன்களுக்கு வேறு வேறு நிறத்தில் வண்ணம் அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கலந்த பெட்ரோல் சிவப்புக் கேனிலும், வெறும் பெட்ரோல் வெள்ளைக் கேனிலும் இருக்கின்றன. வேலைக்கு வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது.

2. பில், உத்தரவாத அட்டை, கையேடு ஆகிய மூன்றையும் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்

பில்லில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே எண் எஞ்சினின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாத அட்டையில் வாங்கிய தேதியும் கடையின் முத்திரையும் இல்லையென்றால், பின்னர் எவ்வளவு வாதாடினாலும் பயன் இருக்காது. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் வாங்குகிறவர்கள் சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றின் நகல்களோடு இந்தத் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

கையேடு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியவை நான்கே விவரங்கள்: ஆயிலின் தடிமன் எண், ஆயிலின் தர எழுத்து, எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லப் பள்ளிக்குப் போகும் பிள்ளையே போதும். நான்கையும் ஒரு அட்டையில் எழுதி, கருவி நிற்கும் கொட்டகைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆயில் குறைவாக ஓட்டியதால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்று கையேடுகளிலேயே எழுதியிருக்கும். எனக்கு அந்த வரியைத்தான் காட்டினார்கள். கடைக்காரர் வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆகவே, கடையில் ஆயில் ஊற்றித் தருவதாகச் சொன்னால், எஞ்சினில் எவ்வளவு, கியர் பெட்டியில் எவ்வளவு என்று பில்லின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

3. ஆயில் டப்பாவின் மேல் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள்

"பைக் ஆயில் கொடுங்கள்" என்று கேட்டால் எது கைக்கு அருகில் இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். பெயரைச் சொல்லிக் கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எஸ்ஏஇ 10டபிள்யூ-30 என்பதில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. முன்னால் உள்ள 10 குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள 30 எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. நம் ஊர்களின் வெயிலில் பார்க்க வேண்டியது பின்னால் உள்ள எண். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்கு அந்த நிறுவனத்தின் கையேடு பொதுப் பயன்பாட்டுக்கு 10டபிள்யூ-30 ஆயிலைப் பரிந்துரைக்கிறது. வேறு சில நிறுவனங்கள் வெப்பமான இடங்களில் வெறும் எஸ்ஏஇ 30 ஆயிலைச் சொல்கின்றன. 10டபிள்யூ-30 ஊற்றினால் வெளி வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போகும்போது ஆயில் சற்று அதிகமாகக் குறையக்கூடும், அடிக்கடி அளவு பாருங்கள் என்றும் எச்சரிக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தினமும் நான்கைந்து மணி நேரம் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் உங்கள் கையேட்டின் வெப்பநிலைப் பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள். "தடியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். பட்டியலில் அது இல்லையென்றால் ஊற்றாதீர்கள்.

அடுத்தது ஏபிஐ என்ற சொல்லுக்குப் பின் வரும் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து 'எஸ்' என்றால் பெட்ரோல் எஞ்சினுக்கானது, 'சி' என்றால் டீசலுக்கானது. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று இரண்டாம் எழுத்து முன்னேறுகிறது. கையேட்டில் எஸ்ஜே என்று இருந்தால் அதற்குப் பிந்தைய எஸ்எல், எஸ்என் போன்றவை எல்லாம் பொருந்தும். முந்தைய எழுத்தை வாங்கக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஆயிலில் ஜாசோ எம்ஏ என்றும், ஸ்கூட்டர் ஆயிலில் எம்பி என்றும் எழுதியிருக்கும். அது ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சைப் பற்றிய குறிப்பு. என்னுடைய கருவியைப் போல பெல்ட் மூலம் ஓடும் பவர் வீடரின் எஞ்சினுக்குள் அப்படிப்பட்ட கிளட்ச் இல்லாததால் இரண்டில் எதை ஊற்றினாலும் கேடில்லை. '2டி' என்று எழுதிய டப்பா டூ ஸ்ட்ரோக் கலவைக்கு மட்டுமே உரியது.

4. வாங்கும்போது

மூடிய டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். மூடியின் கீழ் ஒட்டியிருக்கும் தகட்டுத் தாள் கிழியாமல் இருக்க வேண்டும். தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும் அழிந்தோ மேலே வேறு தாள் ஒட்டியோ இருக்கக்கூடாது. பீப்பாயிலிருந்து அளந்து தரும் ஆயில் விலை குறைவு, ஆனால் அது எந்த எண், எந்த எழுத்து என்று உங்களால் அறிய முடியாது. நான் கடைசியாக வாங்கிய 1 லிட்டர் டப்பா 420 ரூபாய். என் எஞ்சினுக்கு ஒரு முறைக்கு 0.58 லிட்டர்தான் பிடிக்கும், அதாவது ஏறத்தாழ 245 ரூபாய். அது 100 மணி நேர ஓட்டத்துக்கு வரும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகாது. அதே ஒரு மணி நேரத்தில் நீங்கள் எரிக்கும் பெட்ரோலின் விலையை நினைத்துப் பார்த்தால், ஆயிலில் மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை என்பது விளங்கும்.

5. புதிய எஞ்சினில் முதல் முறை ஊற்றுவது

புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வருகின்றன. யார் என்ன சொல்லியிருந்தாலும் நீங்களே மூடியைத் திறந்து பாருங்கள்.

கருவியைச் சமமான தரையில் நிறுத்தி, மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்த பிறகே திருகுங்கள். செம்மண் தூசி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அது உரசும் ஒவ்வொரு இடத்தையும் அரம்போல ராவும். கையேட்டில் 0.58 லிட்டர் என்று இருந்தால் முதலில் அரை லிட்டரை மட்டும் சிறிய புனலால் மெதுவாக ஊற்றி, ஓரிரு நிமிடம் விட்டு அளவு பார்த்து, பிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் அதிகமாகிவிடும்; வெளியே எடுப்பது ஊற்றுவதைவிடத் தொல்லை.

6. அளவு பார்ப்பது: ஒவ்வொரு நாளும், கயிற்றை இழுக்கும் முன்

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, பிரித்துப் போட்டிருந்த என் எஞ்சினைக் காட்டித்தான் மெக்கானிக் விளக்கினார். காரில் இருப்பதுபோல் இதில் ஆயில் பம்பு கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது, எச்சரிக்கை விளக்கும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது அந்த நாக்கு அடியில் தேங்கியிருக்கும் ஆயிலை அடித்து எல்லாப் பக்கமும் தெறிக்க வைக்கிறது. நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் நொடிக்கு 60 அடி. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் கிடைப்பது அந்தத் தெறிப்பு மட்டுமே. ஆயில் மட்டம் நாக்குக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிட்டால், அடியில் கொஞ்சம் ஆயில் இருந்தும் எஞ்சின் வறண்டுதான் ஓடும். "பாருங்கண்ணே, இந்த நாக்கு நனையணும், அவ்வளவுதான் கணக்கு" என்று அவர் அந்த நாக்கைத் தொட்டுக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அளவு பார்க்கும்போது செய்யும் முதல் தவறு கருவி சாய்ந்திருப்பது. பவர் வீடர் தன் கத்திகளின் மேலும் பின் தாங்கியின் மேலும் நிற்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை எஞ்சின் பொருத்தியிருக்கும் தட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது என் கருவியில் குமிழி ஓர் ஓரத்துக்கே ஓடிவிட்டது. அந்த நிலையில் குச்சி நிறைவு என்று காட்டியது. பின் தாங்கியின் கீழ் ஒன்றரைச் செங்கல் வைத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகு பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. அன்றிலிருந்து அந்தச் செங்கல்கள் கொட்டகையில் அதே இடத்தில்தான் கிடக்கின்றன. நீங்களும் உங்கள் கருவிக்கு இப்படி ஓர் இடத்தை ஒரே முறை சரிசெய்து வைத்துக்கொண்டால் தினமும் ரசமட்டம் தேவைப்படாது.

இரண்டாவது தவறு குச்சியைச் செருகும் விதத்தில் நேர்கிறது. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, மூடியைத் திறந்து, குச்சியைச் சுத்தமான துணியால் துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஜிஎக்ஸ் வகை எஞ்சினில் மூடியைத் திருகாமல், துளையின் வாயில் வைத்த நிலையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது கையேடு. வேறு சில எஞ்சின்களில் முழுவதும் திருகி இறுக்கிய பிறகே எடுக்க வேண்டும். முறையை மாற்றிச் செய்தால் ஒரு மரை உயரத்துக்கு அளவு தவறாகக் காட்டும்; இவ்வளவு சிறிய எஞ்சினில் அந்த உயரம் பெரிய வித்தியாசம். ஜிஎக்ஸ் வகையில் குச்சியை நம்பாமலும் பார்க்க வழி இருக்கிறது: எஞ்சின் சமமாக நிற்கும்போது ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பை ஆயில் தொட்டு நின்றால் அது நிறைவு.

எப்போது பார்ப்பது என்றால், காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு முறை, அதற்குப் பின் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும். சரிவான நிலத்தில் வெகுநேரம் ஒரே பக்கம் சாய்த்து ஓட்டினால் மட்டம் சரியாக இருந்தும் நாக்குக்கு ஆயில் எட்டாமல் போகலாம் என்பதால் அடிக்கடி நிறுத்தித் திருப்பி ஓட்டுங்கள்.

சில எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் தானாக நிறுத்தும் மிதவை இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென நின்று, எவ்வளவு இழுத்தும் கிளம்பவில்லையென்றால், பிளக்கைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள். அந்த மிதவையின் ஒயரைத் துண்டித்துவிட்டால் கிளம்பும் என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

7. குச்சியில் ஒட்டியிருக்கும் ஆயில் என்ன சொல்கிறது

கறுத்திருப்பது மட்டுமே நோய் ஆகாது. ஓட ஓட ஆயில் கறுக்கும். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். முதல் சில மணி நேரங்களில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய மினுமினுப்பு தெரியும். புதிய உலோகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வது அது. முதல் மாற்றத்தை விரைவாகச் செய்யச் சொல்வது அதனால்தான். பிற்காலத்தில் அப்படித் தெரிந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலரும் அறியாத ஆபத்து, ஆயில் மட்டம் கூடுவது. நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர்போல் ஆகிவிடும், அதில் ஓட்டக்கூடாது. கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பெட்ரோல் குழாயைத் திறந்தே விடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். வேலை முடிந்தவுடன் குழாயை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அதிகமாக ஊற்றினாலும் தீங்குதான். மிகுதியான ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறி, சைலன்சரில் வெண்புகை அடிக்கும்.

8. எப்போது, எப்படி மாற்றுவது

ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்கு முதல் மாற்றம் ஒரு மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில், அதன் பின் 6 மாதத்துக்கு அல்லது 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. உங்கள் எஞ்சினுக்கு இது வேறாக இருக்கலாம். மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் இந்தக் கருவிகளில் இருக்காது என்பதால், சிறிய நோட்டில் தேதியும் ஓட்டிய நேரமும் எழுதி, ஆயில் வாங்கிய பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அந்த நோட்டுதான்.

மாற்றும் நாளில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி, ஆயில் இளஞ்சூடானதும் நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயை மூடி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். எதிர்பாராமல் கிளம்பாமல் இருக்க அது அவசியம். வாயகன்ற பாத்திரத்தைக் கீழே வைத்து, முதலில் ஊற்றும் மூடியைத் திறந்து, பின்னர் அடித்திருகைக் கழற்றினால் ஆயில் தங்குதடையின்றி இறங்கும். கருவியை மெதுவாக அந்தப் பக்கம் சாய்த்து கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். திருகில் உள்ள வாஷரைப் புதிதாகப் போடுங்கள். எஞ்சினின் உடல் அலுமினியம் என்பதால் திருகை வெறிகொண்டு இறுக்கினால் மரை கிழிந்துவிடும். கையால் முழுதும் திருகிய பிறகு ஸ்பேனரால் உறுதியாக இறுக்கினால் போதும். முதல் முறை எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது.

பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அதை ஒரு கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கறையானுக்காகக் கதவு நிலையில் பூசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. தோலில் பட்டால் தீங்கு செய்யும் பொருள் அதில் இருப்பதால், குழந்தைகள் தொடும் இடத்தில் அதைப் பூச வேண்டாம். உங்கள் கையில் பட்டாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

9. கியர் பெட்டி

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஆயில் வேறு, மூடி வேறு, அளவு வேறு. இரண்டு மூடிகளுக்கும் அருகில் அழியாத மையால் 'எஞ்சின்', 'கியர்' என்று எழுதிவிடுங்கள். என் கருவியில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

10. பருவம் முடிந்து நிறுத்தி வைக்கும்போது

இரண்டு மூன்று மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் பழைய ஆயிலோடு நிறுத்தாதீர்கள். அதில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். புதிய ஆயில் மாற்றி, டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விடுங்கள். கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுத்து ஆயிலைப் பரவவிட்டு, பிளக்கை மாட்டிய பின், இழுவை இறுகும் இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. அடுத்த பருவத்தில் முதல் முறை கிளப்பும்போது சிறிது நேரம் புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிந்து தீரும் வரைதான் அது. ஆனால் கயிற்றைத் தொடும் முன் செங்கல்லின் மேல் நிறுத்தி, குச்சியைத் துடைத்து, அளவு பார்த்துவிடுங்கள்.